இதய மருத்துவத்தில் தொடர்கல்வி: மாநாட்டு அரங்கிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது எப்போது?

புது தில்லி: இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் ஐந்து ஆண்டுகளில் குறைந்தபட்சம் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று விதி கூறுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக ஆறு மணி நேரம். இரண்டு நாள் மாநாடு ஒன்றில் ஆண்டுதோறும் கையெழுத்திட்டு அமர்ந்தாலே இந்தக் கணக்கு நிறைவடைந்துவிடும். ஆனால் மாரடைப்புடன் நள்ளிரவில் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் உயிர், அந்த மாநாட்டில் யார் பேசினார் என்பதைப் பொறுத்து அமைவதில்லை. அன்றிரவு பணியில் இருக்கும் மருத்துவர் இசிஜி தாளைப் பார்த்துச் சில நிமிடங்களில் எடுக்கும் முடிவைப் பொறுத்தே அமைகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவே இன்று இந்தியாவில் இதய மருத்துவத் தொடர்கல்வி எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல்.

இச்சிக்கலின் அளவை நோய்ச் சுமை தொடர்பான ஆய்வுகள் உணர்த்துகின்றன. நாட்டில் நிகழும் மொத்த மரணங்களில் இதய, ரத்தநாள நோய்களின் பங்கு 1990இல் 15.2 சதவீதமாக இருந்தது. 2016இல் அது 28.1 சதவீதமாக உயர்ந்தது என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2018இல் வெளியான மாநில வாரியான ஆய்வு பதிவு செய்துள்ளது. கால் நூற்றாண்டில் இந்தப் பங்கு ஏறத்தாழ இருமடங்காகியுள்ளது. இதய நோய் நிபுணர்களின் எண்ணிக்கை அதே வேகத்தில் பெருகி, சிறுநகரங்களையும் கிராமங்களையும் சென்றடையவில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டுக்கான ஊரக சுகாதாரப் புள்ளிவிவரங்களின்படி, சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் நிபுணர்களில் ஏறத்தாழ 80 சதவீதப் பணியிடங்களுக்கு ஆள் இல்லை. இங்கு நிபுணர்கள் என்று குறிப்பிடப்படுவோர் பொது மருத்துவர், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நல மருத்துவர்களே. இதய நோய் நிபுணர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே மாரடைப்பு நோயாளியை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். படித்த பணி மருத்துவராகவோ, பொது மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவராகவோதான் இருக்கிறார்.

முதல் பத்து நிமிடம்

நெஞ்சுவலியுடன் வரும் நோயாளிக்குப் பத்து நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்கப்பட்டு, அது மருத்துவரால் பார்க்கப்பட வேண்டும் என்பது உலகளாவிய சிகிச்சை நெறிமுறை. இதயத் தமனி முழுமையாக அடைபட்ட ‘ஸ்டெமி’ வகை மாரடைப்பு எனில் இரு வழிகள் உள்ளன. 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலுமானால் அதற்கான வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இயலாதெனில், நோய் உறுதியான பத்து நிமிடங்களுக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் செலுத்த வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் நெறிமுறை கூறுகிறது. அதன் பின்னர் இரண்டு முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்யப்பட வேண்டும்.

ஏட்டளவில் எளிதாகத் தோன்றும் இந்த வரிசை, நடைமுறையில் பல முடிவுகளின் சங்கிலி. இதயத்தின் பின்சுவரைத் தாக்கும் மாரடைப்பு, வழக்கமான பன்னிரண்டு இசிஜி பதிவுகளில் நேரடியாகப் புலப்படாமல் போகலாம். வலது கீழறை பாதிக்கப்பட்ட நோயாளிக்கு வழக்கம்போல நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரையை வைத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். பெருந்தமனிச் சுவர் கிழிந்ததால் ஏற்படும் வலியை மாரடைப்பு என்று தவறாகக் கருதி, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் அதுவே உயிரைப் பறிக்கலாம். இம்முடிவுகளைத் தனியாக, இரவில், பிற நோயாளிகளையும் கவனித்துக்கொண்டே எடுக்க வேண்டியவர் பணி மருத்துவர்.

இசிஜியைப் படிக்கும் திறன் மருத்துவர்களிடம் எந்த அளவில் உள்ளது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2020இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியானது. பயிற்சிக்கு முன்பான தேர்வுகளில் மருத்துவ மாணவர்களின் துல்லியம் 42 சதவீதமாகவும், முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுடையது 55.8 சதவீதமாகவும், பணியாற்றும் மருத்துவர்களுடையது 68.5 சதவீதமாகவும் இருந்தது. இதய நோய் நிபுணர்களே 74.9 சதவீதத்தைத்தான் எட்டினர். அனைத்துப் பிரிவினரையும் சேர்த்துப் பார்த்தால், பயிற்சிக்கு முன் 54 சதவீதமாக இருந்த துல்லியம் பயிற்சிக்குப் பின் 67 சதவீதமாக உயர்ந்தது. இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. பட்டம் பெற்றதாலேயே இத்திறன் நிறைவடைந்துவிடுவதில்லை. பயிற்சி அளித்தால் மேம்படுகிறது, ஆனால் ஒரே பயிற்சியில் முழுமை பெறுவதில்லை.

மாறிக்கொண்டே இருக்கும் மருத்துவம்

தொடர்கல்வியின் தேவைக்கு மற்றொரு காரணம், இதய மருத்துவத்தில் நேற்றைய சரி இன்றைய தவறாக மாறும் வேகம். மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு தாளம் தவறுவதைத் தடுக்க ஒரு காலத்தில் வழங்கப்பட்ட சில மருந்துகள், மரணத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அதிகரித்தன என்பதை 1989இல் ‘காஸ்ட்’ ஆய்வு வெளிப்படுத்தியது. இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பீட்டா பிளாக்கர் மருந்துகள், அதே நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கின்றன என்று 1999இல் வெளியான பெரிய ஆய்வுகள் நிறுவின. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு போதிய அளவில் உள்ள மாரடைப்பு நோயாளிக்கு வழக்கமாக ஆக்சிஜன் வைப்பதால் பயனில்லை என்பது 2017இல் சுவீடனில் நடந்த ஆய்வின் முடிவு. நீரிழிவுக்காக உருவாக்கப்பட்ட டபாக்ளிஃப்ளோசின் மருந்து, நீரிழிவு இல்லாதவர்களின் இதயச் செயலிழப்புக்கும் பயன்படுகிறது என்பது 2019இல் தெரியவந்தது.

இந்தியாவுக்கு நேரடித் தொடர்புள்ள எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. வாத இதய நோயால் வால்வு சுருங்கி, இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப்போன நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமல் இருக்க எந்த மருந்து தருவது என்ற கேள்விக்கு, 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022இல் விடை தந்தது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்தான ரிவரோக்சபானைவிட, பழைய வார்ஃபரின் வகை மருந்துகளே இவர்களிடம் மரணத்தைக் குறைத்தன. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக (எய்ம்ஸ்) மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய ஆய்வு இது. வாத இதய நோய் இன்றும் பரவலாக உள்ள நாட்டில், புதிய மருந்து எப்போதும் மேலானது என்று கருதும் மருத்துவருக்கு இம்முடிவு சென்று சேராவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

அனுபவம் மட்டுமே இந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்பதற்கும் சான்று இல்லை. மருத்துவரின் பணி அனுபவத்துக்கும் சிகிச்சைத் தரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 62 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான கட்டுரை, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, பணியாண்டுகள் கூடக்கூட நெறிமுறைகளைப் பின்பற்றும் தரம் குறைவதைக் காட்டியதாகத் தெரிவித்தது. இது மூத்த மருத்துவர்களின் கைத்திறனையோ நோயாளியை அறியும் நுட்பத்தையோ குறைத்து மதிப்பிடுவது அல்ல. கற்ற காலத்து அறிவு, புதுப்பிக்கப்படாவிட்டால் தேய்ந்துபோகும் என்பதே அதன் பொருள்.

விதி வந்தது, நின்றது

தொடர்கல்வியை இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ஆம் ஆண்டின் தொழில்முறை நடத்தை விதிகளில் சேர்த்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் என்ற அளவு அப்போதே வகுக்கப்பட்டது. ஆனால் அதை நிறைவு செய்யாதவர் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற நிலை நாடு முழுவதும் ஒரே சீராக ஏற்படவில்லை. மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சில் போன்றவை பதிவுப் புதுப்பித்தலுடன் இதை இணைத்தன. வேறு மாநிலங்களில் நடைமுறை வேறுபட்டது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் நெறியாகவே தொடர்கல்வி நீடித்தது.

இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம், 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. மருந்து நிறுவனங்களின் நேரடி அல்லது மறைமுக நிதியுதவியுடன் நடைபெறும் கருத்தரங்கு, பயிலரங்கு, மாநாடு ஆகியவற்றில் மருத்துவர்கள் பங்கேற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அவற்றில் இடம்பெற்றது. பொதுப்பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்ற பிரிவு உள்ளிட்டவற்றுக்கு எழுந்த கடும் எதிர்ப்பை அடுத்து, மூன்று வாரங்களில், ஆகஸ்ட் 23ஆம் தேதி அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. பொதுப்பெயர் மருந்து பற்றிய விவாதத்தின் ஓசையில், தொடர்கல்வி குறித்த பிரிவுகள் உரிய அளவில் விவாதிக்கப்படாமலேயே ஒதுங்கிப்போயின.

பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் ஒவ்வொரு மருத்துவரும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். அங்கு ஆண்டுதோறும் சக மருத்துவர் ஒருவருடன் நடக்கும் மதிப்பாய்வில், பெற்ற பயிற்சி மட்டுமின்றிச் செய்த பணியின் தரமும் பேசப்படுகிறது. அந்த ஏற்பாட்டின் மீதும் காகிதச் சுமை என்ற விமர்சனம் உண்டு. எனினும் எத்தனை மணி நேரம் அமர்ந்தார் என்பதோடு, என்ன மாறியது என்றும் கேட்கும் முறை அது. இந்தியாவில் கேட்கப்படுவது முதல் கேள்வி மட்டுமே.

செலவை ஏற்பது யார்?

இதய மருத்துவம் மருந்து, ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை வால்வு எனப் பெரும் வணிகம் சூழ்ந்த துறை. அத்துறையின் மாநாடுகளில் நிறுவனங்களின் அரங்குகளும் நிதியுதவியும் நீண்டகாலமாகவே இயல்பான காட்சிகள். 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் விதிகளைத் திருத்தி, மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல் ஆகியவற்றை மருத்துவர்கள் பெறுவதற்குத் தடை விதித்தது. ஆனால் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், மருத்துவர்களின் தொழில்முறைச் சங்கங்களை அந்தத் தடையின் வரம்பிலிருந்து நீக்கியது. தனி மருத்துவருக்கு மூடப்பட்ட கதவு, சங்கத்தின் பெயரில் திறந்தே இருந்தது.

உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் அளித்த தீர்ப்பில், மருத்துவர்களுக்கு இலவசமாக வழங்கும் பொருட்களுக்கான செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ள நிறுவனங்களுக்கு உரிமை இல்லை என்று கூறியது. இதைத் தொடர்ந்து, மத்திய அரசின் மருந்துகள் துறை 2024 மார்ச் 12ஆம் தேதி மருந்து விற்பனைக்கான சீரான நடத்தை நெறிகளை வெளியிட்டது. தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளை வெளிநாடுகளில் நடத்துவதற்கு இந்நெறிகள் தடை விதிக்கின்றன. உரையாற்றுபவர் தவிர மற்றவர்களுக்குப் பயணமோ விடுதிச் செலவோ வழங்கக் கூடாது. நிகழ்ச்சிக்கான செலவு விவரங்களை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மருத்துவக் கருவிகளுக்கும் இதே போன்ற நெறிகள் அதே ஆண்டில் வந்தன. ஆயினும் புகார்களை விசாரிக்கும் பொறுப்பு முதன்மையாக அந்தந்தத் தொழில் சங்கங்களின் நெறிமுறைக் குழுக்களிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. தொழில்துறையைத் தொழில்துறையே கண்காணிக்கும் இந்த ஏற்பாட்டின் வலிமை குறித்து ஐயம் எழுவது இயல்பே.

அதே வேளையில், தடையை மட்டும் விதித்துவிட்டு மாற்று நிதிக்கு வழி காணாவிட்டால், தொடர்கல்வியே சுருங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. பெருநகரத் தனியார் மருத்துவமனையின் நிபுணர் தன் செலவில் மாநாட்டுக்குச் செல்ல இயலும். தாலுகா மருத்துவமனையின் பணி மருத்துவருக்குப் பணத்தைவிட விடுப்பே பெரிய தடை. அவர் இரண்டு நாள் வெளியூர் சென்றால் அந்த இரவுப் பணிக்கு மாற்று ஆள் இல்லை. நிறுவனங்களின் நிதியுதவி யாரைச் சென்றடைகிறது என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. விலை உயர்ந்த ஸ்டென்டைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பயிற்சி அளிக்க நிறுவனம் முன்வருவது இயல்பு. ஆஸ்பிரின் மாத்திரையை உரிய நேரத்தில் கொடுக்க வேண்டியவருக்குப் பயிற்சி அளிக்க எந்த நிறுவனத்துக்கும் வணிக ஆர்வம் இராது. பொதுப்பணம் செல்ல வேண்டிய இடம் அதுவே.

சொற்பொழிவால் மாறுவது எவ்வளவு?

மணிக்கணக்கை நிறைவு செய்தாலும் அதனால் சிகிச்சை மாறுகிறதா என்பது தனிக் கேள்வி. சொற்பொழிவாக மட்டும் நடத்தப்படும் நிகழ்ச்சிகள் மருத்துவர்களின் செயல்பாட்டை மாற்றுவதில்லை. கலந்துரையாடலும் செய்முறையும் கொண்டவையே பயன் தருகின்றன என்று 1999இல் ஜாமா இதழில் வெளியான தொகுப்பாய்வு கண்டது. கல்விக் கூட்டங்கள் குறித்து 2009இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, விரும்பத்தக்க நடைமுறையைப் பின்பற்றும் அளவில் ஏறத்தாழ 6 சதவீத மேம்பாட்டையே பதிவு செய்தது. சிறிய பயன்தான்; ஆனால் முற்றிலும் பயனற்றது அல்ல. கூட்டத்தின் வடிவமும், அது மருத்துவரின் அன்றாடப் பணியோடு கொண்டிருக்கும் நெருக்கமும்தான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

இதற்கு இந்தியாவிலேயே நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் தெளிவான பாடத்தைத் தருகின்றன. முதலாவது கேரளத்தில் நடந்த ‘ஏசிஎஸ் குவிக்’. 2014 முதல் 2016 வரை 63 மருத்துவமனைகளில் 21,374 நோயாளிகளை உள்ளடக்கிய இந்த ஆய்வில், மாரடைப்புச் சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல்கள், மருத்துவமனையின் செயல்பாட்டை அளந்து மருத்துவர்களிடம் திரும்பக் கூறும் தணிக்கை முறை, நோயாளிக் கல்வி, உயிர்காப்புப் பயிற்சி ஆகியவை வழங்கப்பட்டன. முப்பது நாட்களில் ஏற்பட்ட மரணம் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் 6.4 சதவீதத்திலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் காலப்போக்கில் தானாகவே ஏற்பட்ட முன்னேற்றத்தையும் மருத்துவமனைகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் கணக்கில் கொண்டபோது, அந்தக் குறைவுக்கு இத்திட்டமே காரணம் என்று நிறுவ இயலவில்லை. 2018இல் ஜாமா இதழில் வெளியான இம்முடிவு, நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் பயிற்சியும் பட்டியலும் மட்டுமே மரணத்தைக் குறைத்துவிடும் என்ற நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது.

இரண்டாவது தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நடந்த ஸ்டெமி திட்டம். நான்கு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்ட மருத்துவமனைகளில், 35 சிறு மருத்துவ மையங்கள் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மைய மருத்துவமனைகளுடன் இணைக்கப்பட்டன. சிறு மையத்தில் எடுக்கப்படும் இசிஜி உடனே மைய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. அவசர ஊர்திகளும் இதே வலையில் இணைக்கப்பட்டன. ஊழியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்களின் விகிதம் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக உயர்ந்தது. ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவமனையில் இருக்கும்போது ஏற்படும் மரணத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முன்–பின் ஒப்பீடு என்பதால் இதன் முடிவுகளையும் எச்சரிக்கையுடனே படிக்க வேண்டும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகிறது. கல்வி, அதைப் பயன்படுத்துவதற்கான அமைப்போடு சேரும்போதுதான் உயிரைக் காக்க வாய்ப்பு மிகுகிறது. இசிஜியைச் சரியாகப் படித்த மருத்துவரிடம் ஊசி மருந்து இல்லையெனில், நோயாளியை அனுப்ப ஊர்தி இல்லையெனில், ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை எதுவென்று தெரியவில்லையெனில், அவர் கற்றது பயனற்றுப்போகிறது. மறுபுறம், ஊசியும் ஊர்தியும் தயாராக இருந்தும் இசிஜியைப் படிக்கத் தெரியாவிட்டால் அவை அலமாரியிலும் வாசலிலும் காத்துக்கிடக்கும்.

நோயாளி மருத்துவமனையை அடைவதற்கே ஆகும் காலத்தையும் இங்கு மறந்துவிட இயலாது. 89 மையங்களில் 20,937 நோயாளிகளைப் பதிவு செய்து 2008இல் லான்செட் இதழில் வெளியான ‘கிரியேட்’ ஆய்வில், அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன இடைநிலைக் காலம் 360 நிமிடங்கள், அதாவது ஆறு மணி நேரம். மருத்துவமனையை அடைந்த பிறகு, கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்த மேலும் 50 நிமிடங்கள் ஆயின. முதல் ஆறு மணி நேரத்தைக் குறைக்க மக்களிடையே விழிப்புணர்வும் போக்குவரத்தும் தேவை. பின்னைய 50 நிமிடங்களைக் குறைப்பது மருத்துவமனைக்குள் இருப்பவர்களின் பயிற்சியைச் சார்ந்தது.

கைவிடப்பட்ட ஒரு முயற்சி

பணி மருத்துவருக்கும் இதய நோய் நிபுணருக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப 2006இல் ஒரு முயற்சி நடந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்காக இரண்டு ஆண்டு மருத்துவ இதயவியல் முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. இதய நோய் மருத்துவமனைகளிலேயே தங்கிப் பயின்று, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, தீவிர சிகிச்சை போன்ற, கதீட்டர் தேவைப்படாத பணிகளைச் செய்யும் மருத்துவர்களை உருவாக்குவது நோக்கம். ஆனால் மருத்துவக் கவுன்சில் இப்படிப்புக்கு அங்கீகாரம் வழங்கவில்லை. படித்து முடித்தவர்கள் தாங்கள் பெற்ற தகுதியைப் பதிவு செய்ய முடியாமல் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது.

பட்டயத்தை அங்கீகரித்தால் தரம் தாழும், முறையான டி.எம். படிப்பின் மதிப்பு குறையும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அரைகுறைத் தகுதி பெற்றவர் தன்னை முழு நிபுணராகக் காட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்மையே. ஆனால் அதற்கான தீர்வு, அவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற எல்லையை வரையறுப்பதாக இருந்திருக்க வேண்டும். இரண்டு அமைப்புகளுக்கு இடையிலான அதிகாரப் பிணக்கில், பயிற்சி பெற்ற மருத்துவர்களும் அவர்களால் பயனடைந்திருக்கக்கூடிய மாவட்டங்களும் நடுவில் சிக்கின. தொடர்கல்விக்கு மதிப்பு வேண்டுமானால் அதற்குச் சட்டப்படியான அங்கீகாரமும் தொழில்வாழ்வில் பலனும் இருக்க வேண்டும் என்பதே இந்த நிகழ்வு உணர்த்தும் உண்மை.

வார்டுக்குள் வரும் வகுப்பு

அண்மைக்காலத் திட்டங்கள் சில, கல்வியைப் பணியிடத்துக்கே கொண்டுவரும் வாய்ப்பைத் திறந்துள்ளன. கர்நாடகத்தில் 2023இல், நடிகர் புனித் ராஜ்குமாரின் பெயரில் தொடங்கப்பட்ட ‘ஹிருதய ஜோதி’ திட்டத்தின்கீழ், தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இசிஜி, பெங்களூருவின் ஜெயதேவா இதய மருத்துவ நிறுவனம் போன்ற மைய மருத்துவமனைகளுடன் பகிரப்படுகிறது. மாரடைப்பு உறுதியானால் டெனெக்டெபிளேஸ் ஊசி இலவசமாகச் செலுத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாக வழங்குகிறது. தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் எய்ம்ஸும் 2019இல் தொடங்கிய ‘மிஷன் தில்லி’, மோட்டார் சைக்கிளில் உதவியாளரை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பியது. அக்கவுன்சில் வெளியிட்டுள்ள சீர்தர சிகிச்சைப் பணிவரிசைகள், ஒரே பக்கத்தில் அடங்கும் வகையில் மாரடைப்புச் சிகிச்சையின் படிகளைத் தருகின்றன.

இத்தகைய வலையமைப்பில் கடந்து செல்லும் ஒவ்வொரு இசிஜியும் ஒரு பாடம். தாலுகா மருத்துவமனையின் மருத்துவர் என்ன நினைத்தார், மைய மருத்துவமனையின் நிபுணர் என்ன சொன்னார், ஆஞ்சியோகிராமில் என்ன தெரிந்தது, நோயாளி பிழைத்தாரா என்ற நான்கு தகவல்களும் அனுப்பிய மருத்துவருக்கே திரும்பிச் சென்றால், எந்த மாநாட்டுச் சொற்பொழிவையும்விட அது வலிமையான கல்வியாக அமையும். தற்போது இத்தகவல் பெரும்பாலும் ஒரு திசையிலேயே பயணிக்கிறது. நோயாளியை அனுப்பிவைத்தவுடன், அவருக்கு என்ன ஆயிற்று என்பதை அறியும் முறையான வழி அனுப்பியவருக்கு இல்லை. தன் முடிவு சரியா, தவறா என்று அறியாதவர் அதிலிருந்து கற்க இயலாது.

இந்த அடிப்படையில் சில மாற்றங்களைச் செய்வது புதிய சட்டமோ பெருஞ்செலவோ இன்றியே சாத்தியம். மாதந்தோறும் நடக்கும் இசிஜி மறுஆய்வுக் கூட்டத்தையும், தணிக்கையில் பங்கேற்பதையும் மாநில மருத்துவக் கவுன்சில்கள் தொடர்கல்வி நேரமாக அங்கீகரிக்கலாம். முப்பது மணி நேரத்தில் ஒரு பகுதியை, மருத்துவர் உண்மையில் செய்யும் பணிக்கு உரியதாக ஒதுக்கலாம். அவசரப் பிரிவில் பணியாற்றுபவருக்கு இசிஜியும் உயிர்காப்புப் பயிற்சியும் கட்டாயமாகலாம். உயிர்காப்புப் பயிற்சியின் சான்றிதழ்கள் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்றாலும், கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஆகவே நீண்ட வகுப்புகளைவிடக் குறுகிய, அடிக்கடி நிகழும் பயிற்சிகளே பொருத்தமானவை. இரவுப் பணியில் இருக்கும் செவிலியரும் இசிஜி தொழில்நுட்பரும் அதே வகுப்பில் அமர வேண்டும். ஏனெனில் முதல் பத்து நிமிடத்தின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருக்கிறது.

நாட்டில் பதிவு பெற்ற அலோபதி மருத்துவர்களின் எண்ணிக்கை சுமார் 13.86 லட்சம் என்று மத்திய அரசு 2024இல் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. மருத்துவர் யார் என்பதைப் பதிவு செய்யும் அந்த ஏட்டில், அவர் கடைசியாக எதைக் கற்றார் என்பதற்கும் ஒரு பத்தி சேர்க்கப்படலாம். ஆனால் அந்தப் பத்தி மீண்டும் மணிக்கணக்கால் மட்டுமே நிரப்பப்பட்டால், 2002 முதல் நடந்துவருவதே தொடரும்.

மருத்துவர்களின் பணிச்சுமையைக் குறைக்காமல் கட்டாயங்களை மட்டும் கூட்டினால், அவை கையெழுத்துகளாகவே முடியும் என்ற மருத்துவர் சங்கங்களின் கவலையும் புறந்தள்ளத்தக்கதல்ல. பயிற்சி நேரம் பணி நேரமாகக் கருதப்பட வேண்டும். அந்த நேரத்துக்கு மாற்று மருத்துவர் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் உறுதி செய்ய வேண்டியது அரசின் பொறுப்பு. கிடைத்த நேரத்தைக் கற்பதற்குப் பயன்படுத்துவது மருத்துவரின் பொறுப்பு. நிறுத்திவைக்கப்பட்ட நடத்தை விதிகளை ஆணையம் மறுபடியும் கையிலெடுக்கும்போது, எத்தனை மணி நேரம் என்பதோடு, எங்கே, யாருக்கு, எதைக் கற்பிப்பது என்ற கேள்விகளும் அதன் மேசையில் இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் தாமதித்து வந்த நோயாளிக்கு, மருத்துவமனைக்குள் மேலும் 50 நிமிடங்களை இழக்கும் வசதி இல்லை.